வாடை திரும்புகிறது, மாப்பிள்ளை

பாம்பன்,
புரட்டாசி கடைசி வாரம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேரனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று படித்த பிறகுதான் மனம் ஆறியது. தங்கச்சியையும் மிகவும் விசாரித்ததாகச் சொல்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடங்கிக் கோவையில் ஒரே புழுக்கம், அடுக்குமாடி வீட்டுக்குள் பருவம் மாறுவதே தெரியவில்லை, அங்கே உனக்கு எதில் தெரிகிறது என்று கேட்டிருந்தாய். கேட்டாலும் கேட்டாய், அன்றிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறேன். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பேரனுக்கும் படித்துக் காட்டு. அவன் அப்பன் பிறந்த ஊர் எப்படிப்பட்டது என்று அவனுக்குத் தெரிய வேண்டும்.

ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் கச்சான், அந்தத் தென்மேற்குக் காற்று, அடிக்கிற அடியை நீ மறந்திருக்க மாட்டாய். உன் வீட்டு ஜன்னலைத் தட்டிவிட்டு வருகிற அதே காற்றுதான். கொண்டுவந்த ஈரத்தையெல்லாம் மேற்கு மலையில் இறக்கி வைத்துவிட்டு, நம் பக்கம் வரும்போது வெறும் வெக்கையும் புழுதியுமாக வந்து சேரும். பனைகளின் தலையெல்லாம் வடகிழக்கே ஒதுங்கியே நிற்கும். அந்தக் காற்று புரட்டாசி பாதியில் விழுந்துவிட்டது. ஓலைகள் நேராகத் தொங்குகின்றன, காவோலை உரசுகிற சத்தம்கூட இல்லை. நம் தீவுக்கு வடக்கே வடகடலும் தெற்கே தென்கடலும் எண்ணெய் ஊற்றி வைத்ததுபோல் அசையாமல் கிடக்கின்றன. எனக்கு ஆண்டிலேயே மிகவும் பிடித்த நாட்கள் இவைதான். வியர்வை வழிகிறது, தூக்கம் கெடுகிறது, இருந்தாலும் பிடிக்கும். ஏதோ ஒன்று வரப்போகிறது என்று ஊர் முழுக்கக் காத்திருக்கும்.

ஆடியில் ஆறரை மணி தாண்டியும் வெளிச்சம் இருந்தது. இப்போது ஆறு மணிக்கெல்லாம் டீக்கடையில் விளக்குப் போட்டுவிடுகிறார்கள். சாயங்கால இடி இன்னும் மேற்கேதான் கேட்கிறது, பரமக்குடிப் பக்கத்திலிருந்து. புரட்டாசி மழை நிலத்திலிருந்து வரும், ஐப்பசி மழை கடலிலிருந்து வரும் என்று உன் அப்பா சொல்வாரே, அதை ஒவ்வொரு வருடமும் இந்த நாட்களில் சரிபார்க்கிறேன். தப்பியதே இல்லை. மின்னல் மேற்கே வெட்டுவது ஓய்ந்து, விடியற்காலையில் கிழக்கே கடல்மேல் கறுப்புக் கட்டினால் அவ்வளவுதான், வடகிழக்கிலிருந்து வாடைக் காற்று திரும்பிவிட்டது.

போன வெள்ளிக்கிழமை காலை அதன் முதல் அடையாளத்தைப் பார்த்தேன். கச்சான் மாதங்களில் என் வீட்டுத் தெற்கு ஜன்னல் கம்பிகளில் உப்புப் படிந்து, தொட்டால் விரல் ஒட்டும். வடக்கு ஜன்னல் காய்ந்து கிடக்கும். அன்று வடக்கு ஜன்னலைத் திறக்கப் போனால், கம்பியில் ஈரம். விரலை நாக்கில் வைத்துப் பார்த்தேன், கரித்தது. அம்மாவிடம் சொன்னதும், கட்டிலைத் தெற்கு அறைக்கு மாற்றச் சொல்லிவிட்டார். வாடை பட்டால் அவருக்கு முழங்கால் பிடித்துக்கொள்ளும்.

அன்று மதியமே அண்ணன் படகை இடம் மாற்றினார். இதைத்தான் பேரனுக்கு நீ சொல்ல வேண்டும். கச்சான் அடிக்கும்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம்போல் இருக்கும். அதனால் நாட்டுப்படகுகள் வடக்குக் கரையில் நிற்கும். வாடை வந்துவிட்டால் வடகடல் எழுந்துகொள்ளும், தென்கடல் படுத்துக்கொள்ளும். படகுகள் தெற்குவாடிக்குப் போயாக வேண்டும். கரைவலைக்காரர்களும் அப்படித்தான், வலையைத் தூக்கிக்கொண்டு மறுபக்கம் போகிறார்கள். வடகடல் அமைதியான பெண் கடல், தென்கடல் கொந்தளிக்கிற ஆண் கடல் என்று தனுஷ்கோடிக்கு வருகிறவர்களிடம் சொல்லி அனுப்புகிறார்களே, அவர்களை ஐப்பசியில் ஒருமுறை கூட்டிவந்து வடகரையில் நிறுத்த வேண்டும்.

பாலத்துக்கு அடியில் வாய்க்காலில் நானும் படகில் இருந்தேன். கச்சான் காலம் முழுக்க அங்கே மன்னார் வளைகுடாத் தண்ணீர் வடக்கே பாய்ந்துகொண்டிருக்கும், வாடைக் காலத்தில் பாக் விரிகுடாத் தண்ணீர் தெற்கே இறங்கும். தினமும் கடல் ஏறி வற்றுகிற கணக்கு தனி. அண்ணன் இன்ஜினை நிறுத்திவிட்டு, கிடந்த தேங்காய் மட்டை ஒன்றை எடுத்துத் தண்ணீரில் எறிந்தார். அது கொஞ்ச நேரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. ஒரு முழம் வடக்கே போனது, திரும்பி வந்தது. எங்கள் யாருக்கும் பேச்சில்லை. பிறகு மெதுவாக, யாரோ நூல் கட்டி இழுக்கிற மாதிரி, தெற்கே நகர ஆரம்பித்தது. தூணைத் தாண்டும்போது வேகம் பிடித்துவிட்டது. "நீவாடு மாறிவிட்டது" என்று, நீரோட்டத்தைத்தான், சொல்லிவிட்டு அண்ணன் இன்ஜினைக் கிளப்பினார். இத்தனை வயதாகியும் எனக்கு உடம்பு சிலிர்த்தது, மாப்பிள்ளை. ஒரு கடலே தான் போகும் திசையை மாற்றிக்கொள்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

கரையில் எல்லோரும் இதே வேலையாகத்தான் இருக்கிறார்கள். வடகரையில் பாசி வளர்க்கும் பெண்கள் மூங்கில் மிதவைகளைக் கரையேற்றிக்கொண்டிருக்கிறார்கள். இனி தை வரை அவர்களுக்கு அந்த வருமானம் இருக்காது, அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதும் இல்லை. வாலிநோக்கம் பக்கம் போயிருந்தபோது பார்த்தேன், உப்பு அம்பாரங்களை மூடுகிறார்கள். சிலது தார்ப்பாய், சிலது இன்னும் பனையோலைதான். ஓலையைக் கீழிருந்து மேலாக, ஒன்றின் காம்பை அடுத்தது மறைக்கும்படி அடுக்கிக்கொண்டே போகிறார்கள். ஒரு சொட்டு உள்ளே இறங்கினாலும் அந்த இடத்தில் உப்பு குழிந்துவிடும். வயதான அம்மா ஒருவர் கையால் தடவித் தடவி இடைவெளி தேடிக்கொண்டிருந்தார்.

ராமநாதபுரம் போகிற வழியில் வயல்களையும் பார்த்தேன். புழுதி விதைப்பு முடிந்துவிட்டது. மழை பெய்யட்டும், பிறகு விதைப்போம் என்று நம் பக்கத்து விவசாயி காத்திருப்பதில்லை. காய்ந்த மண்ணில் நெல்லைப் போட்டு மூடிவிட்டு வானத்தைப் பார்க்கிறான். நம் மீனவர்களின் துணிச்சலைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு இந்தத் துணிச்சல் அதற்குக் குறைந்ததாகத் தெரியவில்லை. குண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோஷம்தான், அதற்கும் இந்த மழைதான் வர வேண்டும்.

மழை வர வேண்டும், ஆனால் 2024-இல் பெய்ததுபோல் வேண்டாம். அந்த ஆண்டு நவம்பர் 20-இல் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. மாவட்டத்தின் ஆண்டுச் சராசரியே 80 சென்டிமீட்டரை ஒட்டித்தான் இருக்கிறது என்றால் யோசித்துப் பார். பாதி ஆண்டின் தண்ணீர் ஒரு பகலில் தெருவில் நின்றது. கண்மாய்க்குப் போக வேண்டிய தண்ணீர் கடலுக்கும் வீட்டுக்குள்ளும் போனது. அன்று முழுக்க அம்மா 1964-ஐப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அந்த டிசம்பர் 22 இரவு புயலில் தனுஷ்கோடி அழிந்துபோனபோது அவர் சின்னப் பெண். இப்போதும் வாடை இரைகிற இரவுகளில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். படுக்கச் சொன்னால், "நீ தூங்கு, நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்கிறார். அந்த ஒரு பதில் எனக்கு எப்போதும் தாங்க முடிவதில்லை.

சேற்றுத் திட்டுகளில் உள்ளான் பறவைக் கூட்டம் வந்துவிட்டது. பூநாரைக்கு இன்னும் நாள் இருக்கிறது. மகாளய அமாவாசைக்கு அக்னி தீர்த்தத்தில் நிற்க இடமில்லை. மகளுக்குக் காரைக்குடியில் வேலை கிடைத்திருக்கிறது, வாரக் கடைசியில் வந்து போகிறாள். மதினி உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

உன் கொல்லைப் பனைகளைப் பற்றிக் கேட்டிருந்தாய். பழம் நன்றாக விழுந்தது. கொட்டைகளைப் பொறுக்கி, உன் கிணற்றடியிலேயே மணலைக் கிளறிப் பாத்தி போட்டு அடுக்கிவிட்டேன். மழை சரியாகப் பெய்தால் பொங்கலுக்குக் கிழங்கு பிடுங்கலாம். அந்த இடத்தை விற்பதைப் பற்றி எழுதியிருந்தாயே, அதை இப்போது முடிவு செய்யாதே. தையில் வந்து நேரில் பார்த்துவிட்டுப் பேசு. பேரனையும் கூட்டிக்கொண்டு வா. 2022 டிசம்பரில் பழைய பாலத்தோடு நின்றுபோன ரயில், 2025 ஏப்ரலிலிருந்து புதிய தூக்குப் பாலத்தின் மேல் ஓடுகிறது. பஸ் வேண்டாம், ரயிலுக்கே டிக்கெட் எடு. பொங்கல் கூட்டம் இருக்கும், இப்போதே பதிவு செய்துவிட்டுத் தேதியை எழுது.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை