பெட்டியும் முட்டியும்

ஆசிரியருக்கு வணக்கம்.

வெளிநாட்டுக்குக் கிளம்பும் வயதானவர்களுக்கு விசா, டிக்கெட் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள், முட்டி வலியைப் பற்றித்தான் ஒருவரும் வாய் திறப்பதில்லை. எனக்கு 67, மனைவிக்கு 63. போன நவம்பரில் ஒரு குழுவோடு ஜப்பான் போய் வந்தோம், அதில் பட்டதை எழுதுகிறேன்.

'சீனியர் ஸ்பெஷல்' என்று சொல்லித்தான் டிராவல்ஸ்காரர் விற்றார். அதில் சீனியருக்கென்று இருந்தது விளம்பரத்தில் சிரித்த நரைத்த தலை மட்டும்தான். கியோட்டோவில் ஒரே நாளில் ஃபுஷிமி இனாரி, கியோமிசு கோயில், அராஷியாமா மூங்கில் காடு. இனாரி ஒரு மலைக்கோயில், எங்கும் நரிச் சிலைகள், வழி நெடுக வரிசையாகச் சிவப்பு வாசல்கள். அவற்றைப் போட்டோவில் பார்த்தால் சமதரை மாதிரி இருக்கும், உள்ளே போகப் போகப் படிக்கட்டுதான், உச்சி 233 மீட்டர். பாதி வழியில் மனைவி ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "நீங்க போய்ட்டு வாங்க, நான் இந்த நரிச் சாமியைப் பார்த்துக்கிட்டு இருக்கேன்" என்றாள். சரி என்று நானும் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த ஒரு பாட்டி இரண்டு ஆரஞ்சுப் பழம் கொடுத்தார். தின்றுவிட்டுத் தோலைப் போட இடம் தேடினால் எங்கேயும் தொட்டி இல்லை. பாட்டி சிரித்துக்கொண்டே தன் பைக்குள் இருந்த பிளாஸ்டிக் கவரை விரித்துக் காட்டினார். 1995-இல் டோக்கியோ சுரங்க ரயிலில் விஷவாயுத் தாக்குதல் நடந்த பிறகு நிறைய தொட்டிகளை எடுத்துவிட்டார்கள் என்று கைடு அப்புறம் சொன்னார். அன்றிலிருந்து என் சட்டைப் பையிலும் ஒரு கவர்.

அடுத்தது பெட்டி. போகும்போது இருபது கிலோவுக்கு மேல் இருந்த பெட்டியை ரயில் நிலையத்தில் நானே இழுத்தேன். லிஃப்ட் எங்கோ கடைசியில் இருக்கும், புல்லட் ரயில் கியோட்டோவில் ஓரிரு நிமிடம்தான் நிற்கும், அதற்குள் பெட்டியையும் மனைவியையும் இறக்க வேண்டும். அங்கே 'தக்யூபின்' என்று ஒன்று இருப்பதை யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்! இந்த ஓட்டல் ரிசப்ஷனில் பெட்டியைக் கொடுத்தால் மறுநாள் அடுத்த ஊர் ஓட்டலில் இருக்கும். பெட்டிக்கு 2,000 யென் சொச்சம் ஆனது. திரும்பும்போது அதைத்தான் செய்தோம். நான் முப்பது வருஷம் லாரி பார்சல் ஆபீஸில் கணக்கு எழுதியவன், வந்த பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒரு கீறல் இல்லை. எங்கள் குடோனில் பெட்டிகள் பறந்த காட்சி நினைவுக்கு வந்தது, மனைவியிடம் சொல்லவில்லை.

மாத்திரை விஷயத்தில் மட்டும் யாரும் அலட்சியமாக இருக்காதீர்கள். சூடோஎஃபெட்ரின் பத்து சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மாத்திரையை ஜப்பானுக்குள் கொண்டு போகவே கூடாது, டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துகூட ஒரு மாதத்துக்கு மேல் என்றால் முன் அனுமதி வேண்டும். டப்பாவில் கொட்டி எடுத்துப் போகாமல் அட்டையோடு, சீட்டோடு, கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சீட்டில் கம்பெனிப் பெயர் போதாது, மருந்தின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள், நம் ஊர் பாராசிட்டமாலுக்கே அங்கே அசெட்டமினோஃபென் என்றுதான் பெயர். பயணக் காப்பீடு எடுக்கும்போது ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, பிரஷருக்குப் பணம் தருவார்களா என்று படித்துப் பாருங்கள். நான் எடுத்ததில் தரமாட்டார்களாம், ஊர் திரும்பிய பிறகுதான் படித்தேன்.

சாப்பாடு சைவர்களுக்குக் கஷ்டம்தான், காய்கறி சூப் என்று வருவதிலும் பெரும்பாலும் மீன் சாறு இருக்கும். எங்களைக் காப்பாற்றியது கடைகளில் விற்கும் உமெபோஷி (உப்பில் ஊறிய புளிப்புப் பழம்) வைத்த சோற்றுருண்டை. உப்பு நார்த்தங்காயை நடுவில் வைத்துப் பிடித்த பழைய சோறு என்று நினைத்துக்கொள்ளுங்கள். ரொம்ப ஆசாரம் பார்ப்பவர்கள் கவரின் பின்னால் உள்ள எழுத்தைப் போனில் படம் பிடித்து மொழிபெயர்த்துப் பார்ப்பது நல்லது.

போன வாரம் அதே டிராவல்ஸ்காரர் கூப்பிட்டார், ஐரோப்பாவில் எட்டு நாளில் ஆறு நாடாம். போனை வாங்கிய மனைவி கேட்டது ஒன்றுதான்: "ஒரு ஊர்ல எத்தனை ராத்திரி தங்குவோம்?" விசாரித்துச் சொல்கிறேன் என்றார், இன்னும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
பார்சல் ஆபீஸ் கணக்கர் (ஓய்வு),
கும்பகோணம்.