ஆடிக்கு என்ன தக்காளி போடுவது?

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது கம்பை ஊன்றிக்கொண்டு வாசல் வரை நடக்கிறார் என்று படித்ததும்தான் மனசு ஆறியது. தங்கச்சியிடம் சொல், அம்மாவை ஒரு மாதத்துக்குக் கீழே உட்காரவே விடக்கூடாது. புறக்கடையில் ஒரு களையைக் கண்டால் போதும், அவர் குனிந்துவிடுவார். இங்கே எல்லோரும் சௌக்கியம். கோடை மழை இரண்டு தரம் நன்றாக இறங்கியது, கிணற்றில் நாலு முழம் ஏறியிருக்கிறது. சின்னவள் பன்னிரண்டாவது முடித்துவிட்டாள். தோட்டக்கலைதான் படிப்பேன், நீங்கள் ரெண்டு பேரும் படித்த பெரியகுளம் காலேஜுக்கே போகிறேன் என்று அவள் சொன்ன அன்றைக்கு எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை மாப்ளே. ஹாஸ்டல், மாந்தோப்பு, நீ என் சட்டையைப் போட்டுக்கொண்டு போட்டோ எடுக்கப் போனது எல்லாம் வரிசையாக வந்து நின்றது.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஆடிக்கு மூன்று ஏக்கரையும் அந்த ஒரே ஹைபிரிட்டில் போடப்போகிறேன், பக்கத்துக் காட்டுக்காரர் போன வருஷம் அதில்தான் கடனை அடைத்தார் என்று எழுதியிருந்தாய். வேண்டாம் மாப்ளே. அந்த ரகத்தை நான் குறை சொல்லவில்லை, மூன்று ஏக்கரையும் அது ஒன்றை நம்பி விடாதே என்கிறேன். போன ஆடியில் நான் அதைத்தான் செய்தேன், உன்னிடம் போனில் சரியாகச் சொல்லவில்லை, சொல்லும் மனநிலையிலும் இல்லை.

ஒன்றேகால் ஏக்கர், ஒரே ரகம். வைரஸ் தாங்கும் என்று பாக்கெட்டிலேயே போட்டிருந்தது. குழித்தட்டு நாற்று, சொட்டுநீர், மல்ச்சிங் ஷீட், குச்சி நட்டுக் கயிறு கட்டியது என்று எதிலும் கை சுருக்கவில்லை. நட்டு இருபத்தைந்து நாள் வரைக்கும் பார்க்கக் கண் கோடி வேண்டும், அப்படி இருந்தது. அப்புறம் கொழுந்து இலைகளில் வெண்கல நிறம் ஏறியது, சில செடிகளில் நுனி கருகி நின்றுவிட்டது. இலைச்சுருட்டு என்று நினைத்து வெள்ளை ஈக்கு மருந்து அடித்துக்கொண்டே இருந்தேன். ஆனால் இலை சுருண்டு சிறுக்கவில்லை, செடி புதராகவும் ஆகவில்லை. பழம் திரும்பும்போதுதான் விளங்கியது. ஒரு பழத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தால் தோல் முழுக்க வட்டத்துக்குள் வட்டம், மஞ்சளும் சிவப்புமாக, யாரோ திருகாணியை அழுத்தி எடுத்த மாதிரி. நிலக்கடலையில் மொட்டுக் கருகலை உண்டாக்கும் வைரஸ் அது, இலைப்பேன் என்ற பொடிப் பூச்சி கொண்டுவருவது. பக்கத்தில் ஒரு பெரிய கடலைக் கொல்லை இருந்ததை நான் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. பாக்கெட்டில் போட்டிருந்த வைரஸ் வேறு, வெள்ளை ஈ கொண்டுவரும் இலைச்சுருட்டு. அதைத் தாங்கும் என்று சொன்னான், தாங்கியது. ஒன்றைத் தாங்கும் என்றால் எல்லாவற்றையும் தாங்கும் என்று படித்தது நான்தான். வட்டம் விழுந்த பழத்தை மண்டியில் யார் எடுப்பார்? நாலு பறிப்போடு விட்டுவிட்டேன்.

கீழ்த் துண்டில், வாய்க்கால் ஓரத்தில், வேறு ஒரு சாவு. செடி காலையில் நன்றாக இருக்கும், மத்தியானம் துவளும், சாயங்காலம் கொஞ்சம் நிமிரும், மூன்றாம் நாள் பச்சையாகவே சாய்ந்துவிடும், இலை மஞ்சளிக்கவே இல்லை. எனக்குச் சந்தேகம் வந்து, சாய்ந்த செடி ஒன்றின் அடித்தண்டை பிளேடால் வெட்டி, ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து அதில் தொங்கவிட்டேன். சின்னவள்தான் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு மூன்று நிமிஷம் இருக்கும், வெட்டுவாயிலிருந்து பால் மாதிரி ஒரு மெல்லிய நூல் இறங்கியது, அப்படியே சுழன்று சுழன்று அடியில் போய்த் தங்கியது. பாக்டீரியா வாடல். அவள் மூச்சே விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். தோட்டக்கலை என்று முடிவு செய்தது அந்த நிமிஷத்தில்தானோ என்று இப்போது தோன்றுகிறது.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், ஒரே ஒன்றேகால் ஏக்கருக்குள் மேலே ஒரு காரணத்துக்கும் கீழே இன்னொரு காரணத்துக்கும் செடி செத்திருக்கிறது. ரெண்டு இடத்துக்கும் ஒரே ரகம் எப்படிச் சரியாகும்? ரகம் எது என்று யோசிப்பதற்கு முன்னால் போன தரம் எந்தத் துண்டில் செடி எதனால் போனது என்று உட்கார்ந்து எழுது. நான் இந்தத் தரம் ஒரு நோட்டுப் போட்டு அப்படித்தான் எழுதினேன். டீக்கடையில் கேட்டு ரகம் எடுப்பதை விட்டுவிட்டேன்.

மாசி நடவில் பூவெல்லாம் கொட்டிவிட்டது, விதை சரியில்லை என்று நீ எழுதியிருந்ததையும் இதோடு சேர்த்துப் பார். பகலில் 35 டிகிரிக்கு மேல் போய், ராத்திரியும் வெக்கை இறங்காமல் இருந்தால் மகரந்தம் செத்துப்போகும், எந்தத் தக்காளியும் பிஞ்சு பிடிக்காது. அந்த ரகத்தை அதற்காகக் கழித்துவிடாதே, ஆடியில் வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்.

விலையைப் பார்த்து முடிவு செய்வதும் வேண்டாம். 2023 நினைவிருக்கிறதா? ஜூலையில் கிலோ நூறைத் தாண்டி எங்கோ போனது, பாலக்கோட்டில் பெட்டிக்குக் காவல் போட்டுத் தூங்கினார்கள். அதைப் பார்த்துவிட்டு ஊரே நட்டது, நானும் நட்டேன். செப்டம்பரில் பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டவில்லை.

இப்போது என் திட்டத்தைச் சொல்கிறேன், தப்பு இருந்தால் திட்டி எழுது. கீழ்த் துண்டில் தக்காளியே இல்லை, ராகி போடப்போகிறேன். அர்கா ரக்ஷக் என்ற ஹைபிரிட் வாடலைத் தாங்கும், இலைச்சுருட்டும் முன்பருவக் கருகலும்கூடத் தாங்கும், கர்நாடகத்தில் ஒருவர் ஒரே செடியில் 19 கிலோ எடுத்தார் என்று செய்தியும் வந்தது, எல்லாம் சரி. ஆனால் ஒரு செடியில் எடுத்தது ஏக்கரில் வராது. அதோடு மண்ணுக்குள் அவ்வளவு கிருமியை வைத்துக்கொண்டு தாங்கும் ரகத்தை நட்டால் நாமே அந்தக் கிருமியைப் பழக்குகிறோம் என்றுதான் எனக்குப் படுகிறது. ஒன்றிரண்டு வருஷம் ராகியும் சோளமுமாகப் போகட்டும். கத்தரி, மிளகாய் பக்கம் போகமாட்டேன், அதுகளுக்கும் இதே நோய்தான். நீ ஒட்டு நாற்று பற்றிக் கேட்டிருந்தாய். கத்தரி வேரில் தக்காளியை ஒட்டினால் வாடலையும் தேங்கும் தண்ணீரையும் சமாளிக்கும், வியட்நாமில் ஒட்டு நாற்றைப் பெரிய அளவில் நடுகிறார்கள். நாற்று விலை எனக்குக் கட்டாது, உனக்கு வாய்க்கால் ஓரத்து அரை ஏக்கருக்கு மட்டும் யோசிக்கலாம்.

மேல்த் துண்டில் பாதி சிவம் ஹைபிரிட். இங்கே மண்டியில் சிவம், சாகோ என்று பெயர் சொல்லித்தான் கேட்கிறார்கள், சென்னைக்கு லாரி ஏறிப் போனாலும் கெட்டியாக நிற்கும், அதை மறுத்துப் பயனில்லை. மீதிப் பாதியில் ஹெசரகட்டா ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா அபேத். அது பின்பருவக் கருகலையும் சேர்த்து நாலு நோய் தாங்கும் என்கிறார்கள். நமக்கு ஆடி நடவு பழுக்கும் நேரம் புரட்டாசி, ஐப்பசி, மழை பிடித்துக்கொள்ளும் காலம், அதனால் எனக்கு அந்த நாலாவதுதான் முக்கியம். இலைப்பேனுக்கு ரகத்தில் மருந்து கிடையாது, அதற்கு வேலிதான். நடவுக்கு இரண்டு வாரம் முன்னாடியே சுற்றிலும் மூன்று வரிசை மக்காச்சோளம் நெருக்கமாக விதைத்துவிடப் போகிறேன், கடலைக் கொல்லைப் பக்கம் மட்டும் ஐந்து வரிசை. காய்ப்புழுவுக்குப் பொறிப்பயிராகப் பதினாறு வரிசைக்கு ஒரு வரிசை செண்டுமல்லி, அந்த நாற்று தக்காளி நாற்றைவிட இரண்டு மூன்று வாரம் மூத்ததாக இருக்க வேண்டும், அப்போதுதான் ரெண்டும் சேர்ந்து பூக்கும். ஆயுதபூஜைக்குப் பூவும் விற்றுக்கொள்ளலாம்.

அப்புறம் வீட்டை ஒட்டிய பத்து சென்ட். அதில் பி.கே.எம். 1.

நீ சிரிப்பாய் என்று தெரியும், சிரிக்காதே. அன்னஞ்சி நாட்டுத் தக்காளியிலிருந்து திடீர் மாற்றம் செய்து நம் காலேஜில் எடுத்த ரகம் அது, நாம் பாத்தி பாத்தியாக எண்ணி எழுதியது. கொஞ்சம் தட்டையாக, காம்பைச் சுற்றிப் பச்சையாக ஒரு தோள் இருக்கும், பழுத்த பிறகும் அந்தப் பச்சை போகப் பிந்தும். வியாபாரி அதைப் பார்த்துவிட்டுத்தான் பழுக்கவில்லை என்று விலையைக் குறைப்பான். உலகம் முழுக்க அந்தப் பச்சைத் தோளை ஒழித்து, முழுக்க ஒரே சீராகச் சிவக்கிற தக்காளியைத்தான் பல பத்தாண்டுகளாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2012-ல் சயின்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது, சின்னவளுக்குக் காட்ட அதை மறுபடி எடுத்துப் படித்தேன். ஒரே சீராகச் சிவப்பதற்காக எதைத் தேர்ந்தெடுத்தார்களோ, அந்த மாற்றம் காயில் பச்சையத்தை வளர்க்கும் ஒரு மரபணுவையே முடக்கிவிட்டதாம். காய் தானே வெயிலைக் குடித்துச் சர்க்கரை சேர்க்கும் வேலை அதோடு குறைந்துபோகிறது. நாக்குக்கு உகந்த ஒன்றைக் கண்ணுக்காகக் கழித்திருக்கிறோம். இதைப் படித்த அன்றைக்கு எனக்கு உங்கள் வீட்டுப் புறக்கடை ஞாபகம் வந்தது. லீவுக்கு வந்தபோது அம்மா பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடுகிற இடத்தில் தானாக முளைத்த தக்காளியைப் பறித்து, அம்மியில் வைக்காமல் கையாலேயே புளிக்கரைசலில் பிசைந்து ரசம் வைத்தார். வரி வரியாகப் பிளந்த பழம், தோல் கையோடு வந்துவிட்டது. நான் மூன்று தரம் சோறு வாங்கினேன். இன்றைக்கு ஊரில் பெங்களூர்த் தக்காளி நாலு போட்டாலும் அந்தப் புளிப்பும் வாசனையும் வரவில்லை, கூடப் புளியைக் கரைத்து ஈடு கட்டுகிறோம்.

பத்து சென்ட்டில் பணம் பார்க்க முடியாது என்று எனக்கும் தெரியும். ஏக்கருக்குப் பன்னிரண்டு, பதினாலு டன் வந்தால் பெரிது, ஹைபிரிட்டில் நன்றாக வந்தால் அதைப்போல் இரண்டு மடங்கு. ஆனால் இந்த விதை என் கையில் இருக்கும். தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பது, இந்த மாதிரி ஹைபிரிட் அல்லாத ரகத்து விதையை எடுத்து வைத்தால் அதே செடி வரும். ஹைபிரிட் விதையை எடுத்து வைத்தால் வீட்டுக்கு ஒரு முகம் என்று முளைக்கும். ஒவ்வொரு ஆடிக்கும் பாக்கெட் விலை ஏறுவதைப் பார்க்கும்போது, ஒரு ரகமாவது நம் வீட்டு டப்பாவில் இருக்கட்டும் என்று மனசு கேட்கிறது.

அதனால் ஒரு உதவி. அம்மாவின் அந்தப் புறக்கடைத் தக்காளி இன்னும் முளைக்கிறதா? முளைத்தால் எனக்கு விதை வேண்டும். முன்பு அம்மா சாம்பலில் பிசைந்து காயவைத்து எடுத்து வைப்பார், அப்படியே இருந்தாலும் சரி. புதிதாக எடுப்பதானால் சுருள் விழாத, நோய் இல்லாத ஒரு செடியைக் குறித்து வைத்து, இரண்டாவது மூன்றாவது பறிப்பில் நன்றாகப் பழுத்ததாக எடு. சாறோடு ஒரு நாள் பாத்திரத்தில் புளிக்க விட்டுக் கழுவினால் வழவழப்பு போய்விடும், நிழலில் உலர்த்து. குனிய வேண்டிய வேலையை அம்மாவிடம் விடாதே, நீ போய்ப் பறி, எந்தச் செடி என்று அவர் உட்கார்ந்தபடி காட்டட்டும்.

உன் மூன்று ஏக்கருக்கு நான் சொல்வது இது: ஒன்றரை ஏக்கருக்கு மேல் அந்த ஹைபிரிட் வேண்டாம், மீதியில் வேறு நோயைத் தாங்கும் இன்னொன்று. நடவையும் பத்து நாள் இடைவெளி விட்டு இரண்டாகப் பிரி, எல்லாப் பழமும் ஒரே வாரத்தில் ஒட்டன்சத்திரம் போய் நிற்க வேண்டாம். கேரளா வியாபாரிகள் அங்கே எந்த மாதிரிப் பழத்துக்கு 14 கிலோ பெட்டியில் அஞ்சு பத்து கூடக் கொடுக்கிறார்கள் என்று இரண்டு நாள் காலையில் போய் நின்று பார்த்து எழுது, பெரிதா, நடுத்தரமா, முழுச் சிவப்பா, பாதிப் பழமா என்று. நாற்றுப் பண்ணையில் சொல்வதற்கு முன்னாடி உள்ளே போய்ப் பார், வலை கிழிந்திருக்கிறதா, தட்டைத் தட்டினால் வெள்ளை ஈ பறக்கிறதா என்று. பறந்தால் திரும்பி வந்துவிடு, எந்த ரகமானாலும் அங்கே எடுக்காதே. சின்ன நாற்றிலேயே வைரஸ் ஏறிவிட்டால் தாங்கும் ரகமும் தடுமாறும்.

ஆனி முதல் வாரம் சின்னவளைக் கூட்டிக்கொண்டு பெரியகுளம் வருகிறேன், காலேஜைக் காட்ட வேண்டும், பி.கே.எம். விதையும் அங்கே கேட்டுப் பார்க்க வேண்டும். திரும்பும் வழியில் ஒரு ராத்திரி உங்கள் வீட்டில் தங்குகிறோம். அதற்குள் நாற்றுக்குச் சொல்லிவிடாதே, உன் நிலத்தை ஒரு சுற்று சேர்ந்து நடந்துவிட்டு முடிவு செய்யலாம். அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல். ரசம் தங்கச்சி வைக்கட்டும், அம்மா பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து பக்குவம் சொன்னால் போதும்.

அன்புடன்,
உன் மாப்ளே
பாலக்கோடு