மிச்சம் விட்ட ஐந்து மாத்திரை

அண்ணா,

நான் பாடி நீங்கள் மிருதங்கம் வாசித்த அந்தக் கச்சேரிக்கு இந்த மார்கழியோடு ஒரு வருஷம் ஆகிறது. எந்த சபா, என்ன கிருதி என்பதெல்லாம் இங்கே வேண்டாம். உங்கள் சிஷ்யர்களும் இதைப் படிப்பார்கள். நீங்கள் வாசித்த கோர்வையின், அதாவது பாட்டை மறுபடி எடுக்கும் இடத்தில் வந்து முடிகிற சொற்கட்டின், கணக்கை மட்டும் எழுதுகிறேன்.

ஒரு களை ஆதி தாளம், எட்டு அடி, அடிக்கு நாலு மாத்திரை. ஒன்றரை இடம் எடுப்பு: சமத்திலிருந்து, அதாவது தாளத்தின் முதல் அடியிலிருந்து, ஒன்றரை அடி தள்ளித்தான் பல்லவி தொடங்கும். சமத்திலிருந்து இரண்டு ஆவர்த்தனத்துக்கு (தாளச் சுற்றுக்கு) 64 மாத்திரை, அதற்கு மேல் எடுப்பு வரை 6, ஆக 70. பூர்வாங்கத்தில் (கோர்வையின் முற்பகுதியில்) 16, 12, 8 என்று குறைத்துக்கொண்டே வந்ததில் 36 போயிற்று. மீதி 34-க்கு இரட்டை ததிங்கிணதொம் (ஐந்து மாத்திரைச் சொல், இரட்டித்தால் பத்து) மூன்று தரம், நடுவே இரண்டிரண்டு மாத்திரை கார்வை (இடைவெளி). பாலபாடம்தான். ஆனால் மூன்றாம் தரம் முதல் ததிங்கிணதொம்மோடு கையை எடுத்துவிட்டீர்கள்.

அந்தத் தொம் சரியாகச் சமத்தில் விழுந்தது. அப்புறம் ஐந்து மாத்திரைக்குத் தம்புரா மட்டும். இரண்டு தரம் கேட்டுப் பழகிய காது மிச்சத்தைத் தானே வாசித்துக்கொள்ளும். கச்சேரி முடிந்து வீட்டுக்குப் போன பிறகும் விடாமல் உள்ளே ஓடுகிற இடம் அதுதான். பத்து மாத்திரையையும் விட்டிருந்தால் காது தொலைந்திருக்கும். சமம் என்ற பிடியைக் கொடுத்துவிட்டுத்தான் விட்டீர்கள். என்ன அழகான கணக்கு!

அதை நான் கெடுத்தேன். தாளம் போடும் கையில் சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவே எடுக்க வேண்டிய பல்லவியை, தொம் விழுந்த கையோடு எடுத்துவிட்டேன். மன்னியுங்கள். சமத்தில் தொம் விழுந்தால் பாடுகிறவருக்கு முடிந்துவிட்டது என்றுதானே தோன்றும்? முன்னாடியே சொல்லியிருக்கலாம். ஒரு பார்வையாவது பார்த்திருக்கலாம். இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவர், தலையை நிமிர்த்தவே இல்லை. பிறகு மேடைக்குப் பின்னால் நீங்கள் சொன்னதை இங்கே எழுதமாட்டேன்.

இந்த சீசனில் அதே கோர்வையை அதே இடைவெளியோடு வைக்கப்போகிறேன். வாசிக்கப்போகும் பையனிடம் எல்லாம் சொல்லியாயிற்று. கடைசி தொம்மை அடித்ததும் தொப்பியை (மிருதங்கத்தின் இடது பக்கத்தை) அடக்கிவிடணும், இல்லாவிட்டால் அதன் நாதம் மௌனத்துக்குள் வழியும். காலப்பிரமாணம் (தாளத்தின் வேகம்) ஓடினால் ஐந்து மாத்திரை நாலாகச் சுருங்கும். வயலின் அந்த இடத்தை நிரப்பக்கூடாது. கடம் இருந்தால் அவருக்கும் முன்கூட்டியே சொல்லணும், இல்லையென்றால் மிச்சத்தை அவர் வாசித்துவிடுவார். இதில் ஒரு வார்த்தைகூட நீங்கள் எனக்குச் சொல்லித் தெரிந்ததில்லை. உங்கள் கையைக் கேட்டுத் தெரிந்துகொண்டது.

வாருங்கள் அண்ணா. ஆனால் மேடைக்கு நேரெதிரே உட்காராதீர்கள். உங்கள் கை தாளம் போடுவதைப் பார்த்தால் அந்த ஐந்தை எனக்கு எண்ண வராது.