கப்பலேறும் முன் இரண்டு நாள், இறங்கிய பின் மூன்று நாள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் ஐரோப்பிய நதிக் கப்பல் சுற்றுலா பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் காலையில் விமானத்தில் இறங்கி மாலையில் கப்பலேறிவிட்டால் விடுதிச் செலவு மிச்சம் என்று போகிற போக்கில் ஒரு வரி வருகிறதே, அதை நம்பி யாராவது பணம் கட்டிவிடப் போகிறார்கள் என்றுதான் இதை எழுதுகிறேன். நானும் என் கணவரும் போன மே மாதம் அப்படியொரு டான்யூப் நதிப் பயணம் போய் வந்தோம். ஜெர்மனியின் பாசாவில் ஏறி, ஆஸ்திரியா, ஸ்லோவாக்கியா வழியாக, ஹங்கேரியின் புடாபெஸ்ட்டில் இறங்குவது. ஏழு இரவு.

எங்கள் ஏஜென்ட்டும் இதையேதான் சொன்னார். திங்கள் காலை மியூனிக்கில் இறங்கி ரயிலில் பாசாவ், மாலை கப்பல். நான் ஒத்துக்கொள்ளவில்லை. விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்குமா என்று கேட்டதற்கு, "அதெல்லாம் ஆகாது மேடம்" என்பதுதான் பதில். பிடிவாதம் பிடித்து சனிக்கிழமைக்கு மாற்றினேன், இரண்டு இரவு கூடுதல். சனிக்கிழமை மியூனிக்கில் பெல்ட் முன்னால் முக்கால் மணி நேரம் நின்றோம். கணவர் பெட்டி வந்தது, என்னுடையது வரவில்லை. புகார் எழுதிக் கொடுத்துவிட்டு, ஃபிரைசிங்கில் ரயில் மாறி பாசாவ் போய்ச் சேர்ந்தபோது கடைகள் அடைத்துவிட்டார்கள். மறுநாள் ஞாயிறு. ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை துணிக்கடை, பலசரக்குக் கடை எல்லாமே மூடித்தான் இருக்கும், ஆஸ்திரியாவிலும் அப்படித்தான். ஆக ஞாயிறு முழுக்க அவருடைய கட்டம் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றினேன். திங்கள் பதினோரு மணிக்கு விடுதி வாசலில் பெட்டி வந்து நின்றது. ஏஜென்ட் போட்ட திட்டப்படி போயிருந்தால் அந்தப் பெட்டி லின்ஸ், மெல்க் என்று ஊர் ஊராக எங்களைத் துரத்திக்கொண்டே வந்திருக்கும், நான் ஒரு வாரமும் கட்டம் போட்ட சட்டையில்தான்.

பெட்டி தொலையாவிட்டாலும் பாசாவ் இரண்டு நாளுக்குத் தகுந்த ஊர்தான். டான்யூப், இன், இல்ஸ் என்று மூன்று ஆறுகள் அங்கே ஒரே முனையில் சேர்கின்றன. இல்ஸ் கிட்டத்தட்டக் கறுப்பு, இன் பனிமலை நீர், வெளிறிய பச்சை. ஆண்டுச் சராசரியில் இன் ஆற்றில்தான் தண்ணீர் அதிகமாம், ஆனாலும் சேர்ந்தபின் பெயர் என்னவோ டான்யூபுக்கு! பழைய நகரமன்றச் சுவரில் வெள்ளம் வந்த உயரத்தையெல்லாம் ஆண்டு போட்டுக் குறித்து வைத்திருக்கிறார்கள். 2013-ஆம் ஆண்டுக் கோடு என் தலைக்கு மேலே எங்கோ இருந்தது. 1501-க்குப் பிறகு அவ்வளவு வெள்ளம் வந்ததில்லையாம். கதீட்ரலில் ஞாயிறு பூசைக்குப் போனோம், கிட்டத்தட்ட 18,000 குழாய்கள் கொண்ட ஆர்கன் இசைக்கருவி, அது முழங்கும்போது உட்கார்ந்திருக்கும் பலகையே அதிர்கிறது. கப்பலில் எங்களோடு வந்தவர்களில் பாதிப் பேர் பேருந்திலிருந்து இறங்கி நேரே கப்பலுக்குள் போனவர்கள், இதில் எதையும் பார்க்கவில்லை.

கப்பலைக் குறை சொல்லவில்லை. மெல்க் தாண்டி வாஹவ் பள்ளத்தாக்கில் பகலில் போன அந்த இரண்டு மணி நேரத்துக்காகவே பணம் கொடுக்கலாம். இருபுறமும் திராட்சைத் தோட்டம், மேலே பாறையில் டியூர்ன்ஸ்டைன் கோட்டை இடிபாடு, இங்கிலாந்து அரசர் முதலாம் ரிச்சர்டை அடைத்து வைத்த இடம். ஆனால் மற்றபடி கப்பல் பெரும்பாலும் இரவில்தான் ஓடுகிறது. நடு ராத்திரி கண் விழித்தால் ஜன்னலுக்கு வெளியே ஈரமான கான்கிரீட் சுவர், நீர்மட்டத்துக்கேற்பக் கப்பலை ஏற்றி இறக்கும் ஏதோ ஒரு மதகுக்குள் நிற்கிறோம் என்று அர்த்தம். வியன்னாவில் இடமில்லாததால் கப்பல்களைப் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டிக் கட்டிவிட்டார்கள். நான் திரையை விலக்கினால் ஒரு முழ தூரத்தில் அடுத்த கப்பல் அறையில் ஒரு பெரியவர் பல் துலக்கிக்கொண்டிருக்கிறார். இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டோம், அப்புறம் திரையை மூடிவிட்டேன். ஆற்றைப் பார்த்த பால்கனி என்று கூடுதல் பணம் கொடுப்பவர்கள் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

எல்லா ஊரிலும் நாளைக் கூட்ட வேண்டியதில்லை. வியன்னாவில் கப்பலே இரண்டு நாள் நின்றது. இரண்டாம் நாள் கப்பல்காரர்களின் சுற்றுலாவை விட்டுவிட்டு, ரைக்ஸ்புரூக்கே பாலத்துக்குப் பக்கத்தில் யு1 மெட்ரோ பிடித்து நான்காவது நிறுத்தத்தில் இறங்கினோம், ஊரின் நடுமையத்தில் ஸ்டெஃபான்ஸ் கதீட்ரல் வாசலில் இருந்தோம். புடாபெஸ்ட்தான் போதாது. ஞாயிறு காலை வந்து, திங்கள் காலை உணவு முடிந்ததும் பெட்டியோடு இறக்கிவிடுகிறார்கள். இரவில் நாடாளுமன்ற விளக்குகளைக் காட்ட ஒரு சுற்று கூட்டிப் போனார்கள், மேல்தளத்தில் ஒயின் கோப்பையோடு எல்லோரும் போட்டோ. அதே நாடாளுமன்றத்துக்குக் கொஞ்சம் தள்ளி, அதே கரையில், அறுபது ஜோடி இரும்புச் செருப்புகள் இருக்கின்றன. 1944-45-இல் ஹங்கேரியின் நாஜி ஆதரவு அம்புச் சிலுவைக் கட்சிக்காரர்கள் யூதர்களைக் கரையில் நிறுத்தி, செருப்பைக் கழற்றச் சொல்லிச் சுட்டு ஆற்றில் தள்ளிய இடம். கப்பலிலிருந்து எங்களுக்கு அது கண்ணில் படவே இல்லை. செவ்வாய்க்கிழமை நடந்து போய்ப் பார்த்தோம். ஒரு குழந்தையின் செருப்புக்குள் யாரோ ஒரு மிட்டாய் வைத்திருந்தார்கள். இரண்டாம் எண் டிராமில் கரையோரமாகவே விடுதிக்குத் திரும்பினோம், வழியெல்லாம் இருவரும் பேசவில்லை.

அந்தக் கட்டுரையில் இல்லாத இன்னொன்று, விசா. பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவை எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் கேட்க வேண்டும். கப்பல் கணக்கை மட்டும் பார்த்தால் எங்களுக்கு ஆஸ்திரியாவில் நான்கு இரவு, ஹங்கேரியில் இரண்டு. ஆஸ்திரியாவுக்கு விண்ணப்பம் நிரப்பியே வைத்திருந்தோம். புடாபெஸ்ட்டில் மூன்று இரவு கூட்டியதும் ஹங்கேரி ஐந்தாகிவிட்டது. திரும்ப முதலிலிருந்து எல்லாத் தாளும். ஆகவே கூடுதல் நாட்களை முதலில் முடிவு செய்துவிட்டு, பிறகு விசா வேலையைத் தொடங்குங்கள். கப்பல் செர்பியாவுக்குள் போய்த் திரும்புகிற பயணமாக இருந்தால் அது ஷெங்கன் இல்லை, ஒருமுறை நுழையும் விசா போதாது.

தண்ணீர் விஷயமும் உண்டு. ஆறு வற்றினால் கப்பல் தரை தட்டும், பெருகினால் பாலத்துக்கு அடியில் நுழையாது. 2024 செப்டம்பரில் ஆஸ்திரியாவில் வெள்ளம் வந்தபோது டான்யூபில் போக்குவரத்தே நின்றது. அப்படி ஆனால் பேருந்தில்தான் ஏற்றிப் போவார்கள், ஊரில் நிற்க வேண்டிய நேரம் சாலையில் கழியும். நாமாகச் சேர்த்த நாட்களில் அவர்கள் கை வைக்க முடியாது.

சனிக்கிழமை மாலை ஜெர்மனியில் இறங்குகிறவர்கள், இரண்டு நாளுக்கான மாற்றுத் துணியைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர், கோயம்புத்தூர்