ஸ்பெஷல் எடுக்கும் முன்

அன்புள்ள முரளி,

உன் குரல் செய்தியை நேற்று ராத்திரிதான் முழுசாகக் கேட்டேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். சொட்டு மருந்தை நாள் தவறாமல் போடச் சொல். இங்கே எல்லாரும் சுகம். வாத்தியார் உன்னை விசாரித்தார். வழக்கம்போல அந்த மஞ்சள் சட்டை என்ன ஆனது என்றும் கேட்டார். அதற்கு நீயே பதில் சொல்லிக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாதம் உன் ஸ்டாண்ட்-அப் காமெடியை ஸ்பெஷலாக, அதாவது முழு ஷோவாகப் படம் பிடித்து வெளியிடப் போகிறாய். அதற்கு முன் சிலதைப் பேசிவிட வேண்டும். அந்தக் கம்பெனி ஆண்டு விழா ஷோ கைவிட்டுப் போனதற்கு நீ சொல்லும் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ‘அவங்களுக்குச் சிரிக்கத் தெரியலை’ என்கிறாய். தெரியும்டா. உன் வீடியோவைப் பார்த்து, அங்கே ஆள் புக் செய்யும் அந்த அம்மா நன்றாகவே சிரித்திருப்பார். சிரித்து முடித்துவிட்டுத்தான் வேண்டாம் என்று முடிவெடுத்திருப்பார். கிளப்பில் டிக்கெட் எடுப்பவன் தனக்காக எடுக்கிறான். பிடிக்கவில்லை என்றால் அவனுக்கு ஒரு சாயங்காலம் போச்சு, அவ்வளவுதான். கம்பெனியில் புக் செய்பவர் 300 பேருக்காக வாங்குகிறார். மறுநாள் காலையில் ஒரே ஒருவர் புகார் கொடுத்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவர். ஆகவே சிரிப்போடு மறுநாள் நிம்மதியையும் சேர்த்துத்தான் அவர் விலை பேசுகிறார். கிளப்பில் கிடைப்பதைப்போலப் பல மடங்கு கார்ப்பரேட் ஷோவில் தருகிறார்களே, அந்தக் கூடுதல் பணம் முழுக்க இந்த நிம்மதிக்குத்தான்.

‘கார்லினைப் பார், அவர் எதையாவது விட்டுக்கொடுத்தாரா’ என்று கேட்கிறாய். சரி, பார்ப்போம். 1960களில் அமெரிக்க காமெடியன் ஜார்ஜ் கார்லின் கோட்டு, டை கட்டிக்கொண்டு டிவியில் நல்ல காசு பார்த்தவர். மேடையில் பேசும் மெட்டீரியலைக் காரமாக மாற்றியதும் முதலில் அடி விழுந்தது. 1970ல் லாஸ் வேகாஸ் ஃபிரான்டியர் ஹோட்டல் அவரை வெளியே அனுப்பியது. 1972ல் மில்வாக்கியில், டிவியில் சொல்லவே கூடாத ஏழு கெட்ட வார்த்தைகளை மேடையில் சொன்னதற்காகக் கைதானார். வழக்கு பிறகு தள்ளுபடியானது. அவரைத் தூக்கி நிறுத்தியது எது என்று பார். காசு கொடுத்து ஆல்பம் வாங்கியவர்கள், கல்லூரி அரங்குகளுக்கு வந்தவர்கள், 1977லிருந்து எச்.பி.ஓ. சேனல். விளம்பரதாரரை நம்பி ஓடாத, சந்தாவில் ஓடுகிற சேனல் அது. நடுவில் பயப்பட ஆளே இல்லாத வழியாகப் பார்த்துத் தன் சரக்கைக் கொண்டுபோனார். அந்த வழி அடைபட்டிருந்த காலத்தில், அவருக்கு முந்தைய காமெடியன் லென்னி புரூஸுக்கு என்ன ஆயிற்று? ஆபாசப் பேச்சு என்று 1961லிருந்து கைதுக்கு மேல் கைது. 1964ல் நியூயார்க்கில் அவருக்குத் தண்டனை கிடைத்தபோது அவரை மேடையேற்றிய கிளப்காரருக்கும் சேர்த்தே கிடைத்தது. அதற்குப் பிறகு எவன் துணிந்து கூப்பிடுவான்? 1966ல் செத்துப்போனார். 2003ல் நியூயார்க் ஆளுநர் மன்னிப்பு வழங்கினார். யாருக்கு என்ன பிரயோஜனம்? அதே வகை மெட்டீரியல்தான், மேதமையிலும் குறைவில்லை. ஒருவருக்கு நேரடியாகக் காசு கொடுக்கிற ரசிகர் கூட்டம் அமைந்தது. மற்றவருக்கு நடுவில் நின்றவர்கள் எல்லாரும் பயந்துவிட்டார்கள்.

அதனால் உன் குரலை மாற்று என்று நான் சொல்லப் போவதில்லை. ஒவ்வொரு பிட்டும், அதாவது ஒரு விஷயத்தைச் சுற்றிக் கட்டிய ஒவ்வொரு ஜோக் துண்டும், எந்தெந்த வாசல் வழியாகப் போகும் என்று தெரிந்து வைத்துக்கொள், அதுதான் என் வாதம்.

முதலில் ‘கிளீன்’ என்ற சொல். கெட்ட வார்த்தை இல்லை என்றால் கிளீன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். உன் தேனிலவு பிட்டில் ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை. ஆனால் அதைக் கம்பெனி மேடையில் பேச முடியாது. மறுபக்கம், முழுக்கச் சுத்தமாக இருந்தும் ஆகாத பிட்டுகள் உண்டு: மதம், கட்சி, ஒருவருடைய உடல்வாகு, முதலாளி சம்பளம், ஆட்குறைப்பு. ஷோவுக்கு ஒரு வாரம் முன்னால் ஆர்கனைசருக்குப் போன் போட்டு மூன்று கேள்வி கேள். இந்த வருஷம் ஆட்களை வேலையிலிருந்து நீக்கினார்களா? சமீபத்தில் அலுவலகத்தில் யாராவது இறந்தார்களா? மேடையில் எந்தப் பெயரைச் சொல்லக் கூடாது? அப்படியே அவர்கள் தொழிலில் தினமும் எரிச்சல் தரும் ஒரு விஷயத்தையும் கேட்டு வாங்கு. முதல் ஐந்து நிமிஷத்தை அதை வைத்துக் கட்டு. டாக்டர்கள் மாநாட்டில் டாக்டர்களின் கஷ்டத்தைப் பேசத் தெரிந்தவனுக்குப் போட்டியே கிடையாது. கூட்டம் சின்னது, ஆனால் வாய்மொழியாகவே அடுத்த மாநாட்டுக்குப் பெயர் போய்விடும்.

அடுத்தது, வார்த்தையை எடுத்தால் சிரிப்பும் போய்விடுகிறது என்ற உன் புலம்பல். உன் அப்பா வாய்ஸ் மெசேஜ் பிட்டையே எடுத்துக்கொள்வோம். ‘அப்பா வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார். நாலு நிமிஷம். அதில் மூணு நிமிஷம், இது ரெக்கார்டு ஆகுதா?’ இங்கே நல்ல சிரிப்பு வருகிறது. அதன் மேல் நீ ஒரு கெட்ட வார்த்தையைப் போட்டு முடிக்கிறாய். அந்த வார்த்தைக்கும் சிரிப்பு வருகிறதுதான், ஆனால் அது அதிர்ச்சிக்கு வரும் சிரிப்பு. அந்த இடத்தில் ஒரு வரி காலியாக இருக்கிறது. எழுதாமல் விட்ட வரியை வார்த்தையால் அடைத்திருக்கிறாய். ‘கடைசி பத்து செகண்டில்தான் விஷயத்துக்கே வருவார்: சரி, போன் பண்ணு, நேர்ல சொல்றேன்’ என்று முடித்துப் பார். வெறுமனே வார்த்தையை வெட்டிவிட்டு அதே வேகத்தில் சொன்னால் கண்டிப்பாகப் படுத்துவிடும். ஏனென்றால் அந்த வார்த்தை ஒரு தாளத்தைப் பிடித்து வைத்திருந்தது. அந்தத் தாளத்துக்கு ஒரு குறிப்பான பெயர்ச்சொல்லோ அரை விநாடி மௌனமோ போட வேண்டும். எல்லா பிட்டையும் இப்படிச் சோதி. வார்த்தையை எடுத்த பிறகும் நிற்பதை ஒரு பக்கம் வை. வார்த்தையே ஜோக்காக இருப்பதை இன்னொரு பக்கம் வை. இரண்டாவது வகை மோசம் என்று அர்த்தமில்லை, அது போகும் இடம் குறைவு, அவ்வளவே.

வரிசையையும் நீ கவனிக்கவே மாட்டேன் என்கிறாய். ஒரு ஏ ஜோக் சொல்லிவிட்டால் கூட்டத்தின் காது அந்த உப்புக்குப் பழகிவிடுகிறது. அதன் பிறகு வரும் கிளீன் பிட், எவ்வளவு நல்லதாக இருந்தாலும், சப்பென்று போகும். கிளீனிலிருந்து காரத்துக்குப் போகலாம். திரும்பி வருவது பெரும்பாடு. ஆகவே முதல் 20 நிமிஷம் எங்கேயும் போகக்கூடியதாக இருக்கட்டும், கடைசி 15 நிமிஷம் உன் இஷ்டம். இப்படிக் கட்டினால் ஒரே செட் மூன்று விதமாக வெட்டுப்படும்: டிவிக்கு ஐந்து நிமிஷம், இன்னொருவர் ஷோவில் அவருக்கு முன்னால் பேசும் ஓப்பனராகப் போனால் 10 நிமிஷம், கிளப்பில் முழு செட்டும்.

ஓப்பனர் என்றதும் தம்பி ஞாபகம் வருகிறது. அவனிடம் கட்டாயம் சொல். ஷோவின் முக்கிய ஆளான ஹெட்லைனரைவிட ஓப்பனர் அதிகம் ‘ஏ’ பேசினால் ரூமைக் கெடுத்துவிட்டான் என்று பெயர் வரும், மறுபடி கூப்பிட மாட்டார்கள். கிளீனாகப் பேசும் ஓப்பனரை எந்த ஹெட்லைனருக்கு முன்னாலும் நிறுத்தலாம். ஆரம்ப வருஷங்களில் ஒரு ஷோவில் கிடைக்கும் காசைவிட எத்தனை ஷோ கிடைக்கிறது என்பதுதான் வருமானத்தை முடிவு செய்யும். அவன் இப்போதே தன் வாசலைப் பாதியாகக் குறைத்துக்கொள்கிறான்.

இனி என் உண்மையான கவலை. அடுத்த மாதம் ஒரு மணி நேர ஸ்பெஷல் எடுக்கப் போகிறேன், அதில் மூன்றில் ஒரு பங்கு நடப்பு அரசியல் என்கிறாய். மேடையில் அது வெடிக்கும், சந்தேகமே இல்லை. ஆனால் பதிவு செய்த சரக்கு சம்பாதிக்கும் விதம் வேறு. செய்தி ஜோக் ஒரு சம்பளத்துக்குத்தான் உழைக்கும். அந்த அமைச்சர் பதவி போன அன்றைக்கு அதுவும் போச்சு. அப்பா, தூக்கம், பயம், பல் வலி, இதெல்லாம் பத்து வருஷம் கழித்தும் வேலை செய்யும். ஊர் தாண்டியும் போகும், சப்டைட்டிலில் மாட்டி சாகாது. சப்டைட்டிலில் செத்துப்போகும் சிலேடை ஜோக்குகளைக் கிளிப்புக்குக் கொடு, ஸ்பெஷலின் தூணாக நிறுத்தாதே.

ஆடியோ ஆல்பமும் போடுவாய் என்றால் இதைக் கேள். அமெரிக்காவில் சிரியஸ் எக்ஸ்எம் மாதிரி செயற்கைக்கோள், இணைய ரேடியோக்களில் ஒலிபரப்பாகும் பதிவுக்கு சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பு ராயல்டி வசூலிக்கிறது. அதில் 50 சதவீதம் பதிவின் உரிமையாளருக்கு, 45 சதவீதம் பேசிய கலைஞருக்கு, மீதி 5 சதவீதம் உடன் பங்களித்த கலைஞர்களின் நிதிக்கு. பதிவு உன் பெயரிலேயே இருந்தால் 95 உனக்கு. வேறு யாருக்காவது எழுதிக் கொடுத்துவிட்டால் 45தான். அங்கே குடும்பத்தோடு கேட்கும் காமெடிக்குத் தனி சேனல், மற்றதற்குத் தனி சேனல். அவர்கள் ஆல்பத்தை முழுசாகப் போடுவதில்லை, டிராக்காக எடுத்துப் போடுகிறார்கள். ஒவ்வொரு டிராக்கும் இரண்டிலிருந்து நான்கு நிமிஷம், முன்பின் தெரியாதவனுக்கும் புரிய வேண்டும். உன் பலமே கால்பேக். 8ஆம் நிமிஷம் விதைத்ததை 52ஆம் நிமிஷம் அறுக்கிறாய். அரங்கில் அது அற்புதம், டிராக்காக வெட்டினால் 52ஆம் நிமிஷம் அனாதை. அந்த முடிவை ஸ்பெஷலில் வை. ஆல்பத்துக்குக் கால்பேக் இல்லாத இன்னொரு டேக்கை அதே ராத்திரி இரண்டாவது ஷோவில் பதிவு செய். இரண்டு ஷோ எடுப்பது எப்படியும் வழக்கம்தானே.

ஜோக்கை எழுத்தில் தேதி போட்டு வைக்கும் பழக்கத்தையும் ஆரம்பி. பாட்டு வரிக்கு எழுதியவருக்குத் தனி உரிமை இருப்பதுபோல ஜோக்கின் எழுத்துக்கும் தனி ராயல்டி வேண்டும் என்று காமெடியன்கள் கேட்கப்போய், 2021 கடைசியில் ஸ்பாட்டிஃபை பல ஆல்பங்களை நீக்கியது. 2022ல் பண்டோரா என்ற இணைய ரேடியோ மேல் வழக்குகள் வந்தன. அந்தச் சண்டையால் நாளைக்குப் பணம் வந்தால் எழுதி வைத்திருப்பவனுக்குத்தான் கணக்குக் காட்ட முடியும்.

யூடியூபில் விளம்பரக் காசு குறையும் என்று காட்டும் மஞ்சள் டாலர் குறி வருகிறது என்று திட்டித் தீர்த்திருந்தாய். தலைப்பிலும் தம்ப்நெயிலிலும் கெட்ட வார்த்தை வைத்தால் வரத்தான் செய்யும். வீடியோவின் ஆரம்பத்தில் பேசும் வார்த்தைகளைப் பற்றிய விதியை 2022 நவம்பரில் இறுக்கினார்கள், 2023 மார்ச்சில் தளர்த்தினார்கள், 2025 ஜூலையில் இன்னும் தளர்த்தினார்கள். இப்படி ஆடிக்கொண்டே இருக்கும் விதியை நம்பி மெட்டீரியல் எழுதாதே. ஆனால் எடிட் செய்யாத மாஸ்டரைப் பத்திரமாக வை, விதி மாறும்போது மறுபடி வெட்டிப் போடலாம். உன் பெயரைத் தேடினால் முதலில் வருவது நான்கு நிமிஷ கிளீன் கிளிப்பாக இருக்க வேண்டும். நடுவில் வெட்டு இல்லாமல், கூட்டத்தின் சிரிப்புச் சத்தம் கேட்கும்படி. புக் செய்பவர்கள் முதல் கெட்ட வார்த்தையில் நிறுத்திவிடுவார்கள், அந்தக் கம்பெனி அம்மாவும் அங்கேதான் நிறுத்தியிருப்பார்.

கூட்டத்தோடு நேரடியாகப் பேச்சுக் கொடுக்கும் க்ரவுட் வொர்க் கிளிப்புகளைத் தாராளமாகப் போடு. எழுதிய பிட் செலவாகாது. அமெரிக்க காமெடியன் மேட் ரைஃப் பெரிய அரங்குகளுக்குப் போனதே அந்த வழியில்தான். ஒரே எச்சரிக்கை: அதையே போட்டுக்கொண்டிருந்தால் டிக்கெட் எடுத்து வருபவன் அதைத்தான் கேட்பான், நீ எழுதிய ஒரு மணி நேரத்தின் நடுவே கத்துவான்.

அரசியல் பிட்டுகளைக் குப்பையில் போடச் சொல்லவில்லை, அழாதே. 2011ல் அமெரிக்க காமெடியன் லூயி சி.கே. தன் ஸ்பெஷலைத் தன் தளத்திலேயே 5 டாலருக்கு விற்றார். இரண்டு வாரத்துக்குள் 10 லட்சம் டாலர் தாண்டியதாக அவரே அறிவித்தார். 2012ல் அதே 5 டாலருக்கு அதே வழியில் விற்ற இன்னொரு காமெடியன் ஜிம் கேஃபிகன் கிளீனுக்குப் பேர்போனவர். நேரடி விற்பனையில் விளம்பரதாரர் இல்லை, பயப்படுபவர் இல்லை. உன் அரசியல் 20 நிமிஷத்துக்கு அந்த வழிதான் பொருத்தம். தனிப் பெயர் வை, தனி டிக்கெட் போடு, சூடு ஆறுவதற்குள் வெளியிடு. ஒன்று மட்டும் ஞாபகம் வை, அவர்கள் இருவருக்கும் முன்பே பெரிய கூட்டம் சேர்ந்திருந்தது. வாசலை நேரடியாகத் திறக்க ஆள் வேண்டும், ஆளைச் சேர்ப்பது மற்ற வாசல்கள்.

ஆகவே இந்த வாரம் உட்கார்ந்து ஒரு நோட்டில் பிட் வாரியாகக் கோடு போடு. பெயர், எத்தனை நிமிஷம், வார்த்தையை எடுத்தால் நிற்குமா, எந்தப் பேச்சுப்பொருள், எந்தத் தேதியோடு செத்துப்போகும், தனியாக நிற்குமா, வேறு பிட்டை நம்பி இருக்கிறதா. ஞாபகத்திலிருந்து எழுதாதே, கடைசி மூன்று ஷோவின் ரெக்கார்டிங்கைக் கேட்டு எழுது. எந்தத் தேதியிலும் சாகாதவை 40 நிமிஷம் தேறினால் அடுத்த மாதம் தாராளமாக எடு. தேறாவிட்டால் ஹால் அட்வான்ஸைத் தள்ளிப் போடச் சொல்லிக் கேள். கேமராக்காரரிடம் நான் பேசுகிறேன், அவர் ஒத்துக்கொள்வார்.

பட்டியலை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு. அந்த மாமனார் பிட் அதில் இருந்தால் எத்தனை நிமிஷம் என்று சரியாகப் போடு. நீ ஏழு என்பாய், அது பதினொன்று.

அன்புடன்,
பாலா