குரல் அடங்கிய பிறகு போக ஓர் இடம் வேண்டும்: பகல் வீட்டுக்கு நன்கொடை கேட்கிறோம்

வணக்கம். ராமநாதபுரம் மாவட்டத்தில் மனச்சிதைவு நோய் உள்ளவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் 11 குடும்பங்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். எங்கள் பிள்ளைகளும் உடன்பிறந்தவர்களும் பகலில் வந்து இருக்க, கைவேலை ஏதாவது பழக, ஒரு வாடகை வீடு பார்த்திருக்கிறோம்.

டாக்டர்கள் ஸ்கிசோஃப்ரினியா என்று சொல்லும் இந்த நோய் பெரும்பாலும் பதினெட்டு, இருபது வயதை ஒட்டி, பிள்ளை காலேஜ் முடித்து வேலைக்குப் போய்விடுவான் என்று வீடே காத்திருக்கும் நேரத்தில்தான் வருகிறது. யாரும் இல்லாத அறையில் குரல் கேட்கும், சாப்பாட்டில் யாரோ விஷம் வைத்ததாகத் தோன்றும், அவர்களுக்கு அது அத்தனையும் நிஜம். செய்வினை என்றார்கள், அம்மா வளர்த்த விதம் சரியில்லை என்றார்கள், நாங்களும் அதை நம்பி வருடக்கணக்கில் அலைந்தோம். மரபணுவுக்குப் பங்கு உண்டு, அது மட்டுமே காரணமும் இல்லை. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தாலும் மற்றவருக்கு வரும் வாய்ப்பு பாதிக்கும் குறைவுதான். பிரசவச் சிக்கல், இளவயதில் கஞ்சா எல்லாம் ஆபத்தைக் கூட்டும். மூளையில் டோபமைன் என்ற ரசாயனம் அளவு மீறி வேலை செய்வதற்கும் இந்தக் குரலுக்கும் சந்தேகத்துக்கும் தொடர்பு உண்டு, மாத்திரை அதைத்தான் மட்டுப்படுத்துகிறது.

சரி, பலருக்கு மாத்திரையில் குரல் அடங்கிவிடும். அப்புறம் நடப்பதைத்தான் யாரும் பேசுவதில்லை. குளிக்க மனம் வராது, பேச வார்த்தை வராது, காலையில் திண்ணையில் உட்கார்ந்தவன் பொழுது சாயும்வரை அப்படியே இருப்பான். "தின்னுட்டு சும்மா உக்காந்திருக்கான்" என்று சொந்தக்காரர்களே சொல்லும்போது பெற்ற வயிறு எரிகிறது. அது சோம்பல் இல்லை ஐயா, அதுவும் நோய்தான். இதற்கு மாத்திரை அவ்வளவாக உதவாது. போக ஓர் இடம், செய்ய ஒரு வேலை, பேச நாலு பேர் வேண்டும்.

இன்னொன்று, அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசம்தான், ஆனால் பஸ் செலவும் ஒருநாள் கூலியும் போகிறதே என்று ஒரு மாதம் விட்டால், ஆறு மாதம் தேறியதெல்லாம் போய்விடுகிறது. அதனால் மாதம் ஒருநாள் எல்லோரையும் ஒரே வேனில் கூட்டிப்போய் வரவும் திட்டம் இருக்கிறது.

எங்கள் மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை மனநோய் உள்ளவர்களை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அவர்களை அங்கே விட்டுவந்த குடும்பங்களைக் குறைசொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. பக்கத்தில் வேறு என்ன வழி இருந்தது அவர்களுக்கு?

வீட்டுக்கு அட்வான்ஸ் 30,000 ரூபாய், வாடகை மாதம் 4,500. எங்களுக்குள் 17,000 சேர்த்துவிட்டோம். மதியச் சாப்பாட்டை வீட்டுக்கு ஒருநாள் முறைவைத்து நாங்களே சமைத்துவிடுவோம். மீதி அட்வான்ஸ், முதல் ஆறு மாத வாடகை, வேன் செலவு, இவ்வளவுதான் கேட்கிறோம். 50 ரூபாய் தந்தாலும் பொருளாளரிடம் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், மாதாமாதம் கணக்கை வாசலில் எழுதி ஒட்டுவோம். பணம் தர முடியாதவர்கள் வீட்டில் சும்மா கிடக்கும் தையல் மெஷின், பாய், கேரம்போர்டு எது இருந்தாலும் சொல்லுங்கள், நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம்.