தாடியின் மகனுக்காக ஒரு கடிதம்

அன்புள்ள சேது,

பதில் போடாமல் இருந்ததற்கான சண்டையை நேரில் வைத்துக்கொள்வோம். இங்கே அனைவரும் நலம். இப்போது அவசரமாக எழுதுவது நாம் ‘தாடி’ என்று கூப்பிடும் நம்மவனுக்காக.

அவனுடைய சின்னவனுக்குச் சில மாதங்களாகக் காதில் குரல்கள் கேட்கின்றன. மதுரையில் மனநல மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். மதினியோ, அதை நிறுத்திவிட்டுப் பையனை ஏர்வாடி தர்காவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார். அந்த ஊர்ப் பெயரைக் கேட்டாலே தாடிக்கு 2001 ஆகஸ்ட் 6 நினைவுக்கு வந்துவிடுகிறது. தர்காவுக்கு வருபவர்களை நம்பித் தனியார் நடத்திய ஒரு கொட்டகையில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நோயாளிகள் தப்பியோட வழியின்றி 28 பேர் மாண்டுபோனார்களே, அதை அவனால் எப்படி மறக்க முடியும்? ஆனால் சங்கிலியின் மேல் வரவேண்டிய கோபம் தர்காவின் மேலேயே போய்விட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்த ஓர் ஆய்வை அவனுக்குப் படித்துக் காட்ட வேண்டும். தமிழ்நாட்டில் முத்துசாமி கோயில் என்ற சிறிய கோயிலில் தங்கிய 31 பேரை, வந்தபோதும் திரும்பியபோதும் மனநல மருத்துவர்கள் சோதித்தார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கியவர்களின் நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தன. பேயோட்டும் சடங்கு எதுவும் அங்கே இல்லை. காலையில் எளிய பூசை, பிறகு கோயில் வளாகத்தைப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற சிறு வேலைகள், அவ்வளவுதான். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாத சிறிய ஆய்வு என்பதால் அதை மாத்திரைக்கு மாற்றாகக் காட்ட நான் துணிய மாட்டேன். ஆயினும், மிரட்டாத, விரட்டாத ஓர் இடத்தில் இருக்க விடுவதே மனிதனை ஓரளவு தேற்றுகிறது என்பதை என்னால் ஒதுக்கித் தள்ள முடியவில்லை.

பெல்ஜியத்தில் ஹேல் என்ற ஊரில், புனித டிம்ப்னாவின் தேவாலயத்துக்கு மனநோய் குணமாக வேண்டி வந்தவர்களை ஊர்மக்கள் பல நூற்றாண்டுகளாகத் தங்கள் வீடுகளில் வைத்துப் பராமரித்து வந்திருக்கிறார்கள். பின்னாளில் மருத்துவமனையும் வந்து சேர்ந்தது. வீடுகளில் தங்கும் வழக்கமும் நின்றுவிடவில்லை. 1930-களில் அப்படித் தங்கியிருந்தவர்கள் நான்காயிரத்தை நெருங்கினார்கள் என்றால் அந்த ஊரின் மனத்தை எண்ணிப்பார்.

ஏர்வாடியிலேயே இன்று தர்காவுக்கு வருபவர்களுக்கு அரசு மனநல மருத்துவர்கள் மருந்து தருகிறார்கள். துஆவை, அதாவது பிரார்த்தனையை, விட்டுவிடு என்று எவரும் சொல்வதில்லை. இதை அறியாமல் வீட்டில் இருவரும் மோதிக்கொள்ள, நடுவில் அந்தப் பிள்ளை சாப்பிடாமல் கிடக்கிறான் என்பதே என்னை உறங்க விடாத கவலை.

தாடி என் பேச்சை எந்தக் காலத்தில் கேட்டான்? நீ சொன்னால் கேட்பான். மதினி தர்காவுக்குப் போகட்டும். ஆனால் மாத்திரை ஒரு வேளையும் தவறக் கூடாது, பையனைத் தனியாக எந்த விடுதியிலும் விட்டுவரக் கூடாது, கட்டிப்போடும் பேச்சே கூடாது என்று இருவரையும் சம்மதிக்க வை. தர்காவுக்குப் போவதை மருத்துவரிடமும் மறைக்காமல் சொல்லச் சொல். மதினியிடம் நான் இன்றே பேசுகிறேன். நீ ஞாயிற்றுக்கிழமைக்குள் தாடியை அழைத்துப் பேசிவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
முருகு